வன்னியில் சின்ன வீட்டுத்தொகுதி ஒன்றுக்கு அனுமதி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கங்களில் இரண்டு மூன்று ஏக்கர் மேட்டுக்காணியை எடுத்து, பதினைந்து இருபது துண்டாகப் பிரித்து, வாங்குகிறவர்கள் அவரவர் விருப்பப்படி வீடு கட்டிக்கொள்ள விடுவது இப்போது பரவலாக நடக்கிறது. சிலர் குடும்பக் காணியைப் பிரிக்கிறார்கள், சிலர் வெளிநாட்டுக் காசில் வாங்கிப் பிரிக்கிறார்கள். நான் படம் கீறுகிற ஆள், கந்தோர் வாசலில் இவர்களோடு நிற்கிறவன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் வீட்டுப் படத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள், ஆனால் அந்த இடத்தில் இருபது வருடம் நிம்மதியாக வாழலாமா என்பது அதற்கு முன்பே, காணியைத் துண்டாக்கும் படத்தில் தீர்ந்துவிடுகிறது. பாதை, வெள்ளம் ஓடும் வழி, கிணறு, மலசலகூடக் குழி என்ற நான்கும் அந்த ஒரு தாளில்தான் இருக்கின்றன. வீட்டை இடித்துத் திருத்தலாம். இருபது பேருக்கு விற்று முடிந்த பிறகு பாதையைத் திருத்த முடியாது.

அண்ணா, முதலில் எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும்? உள்ளூராட்சி சபைக்கா, யூ.டி.ஏ. என்கிற நகர அபிவிருத்தி அதிகார சபைக்கா?

சபைக்கு. உங்கள் காணி எந்த உள்ளூராட்சி சபைக்குள் இருக்கிறதோ அங்கே. வவுனியா நகரத்துக்குள் என்றால் மாநகர சபை, கிளிநொச்சி நகரத்துப் பக்கம் என்றால் கரைச்சிப் பிரதேச சபை, முல்லைத்தீவு நகரத்துப் பக்கம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை, நெடுங்கேணி என்றால் வவுனியா வடக்குப் பிரதேச சபை. வவுனியா ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு மாநகர சபைக்குப் போய், உங்கள் காணி தெற்குத் தமிழ்ப் பிரதேச சபைக்குள் என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறையப் பேர். கிராம அலுவலரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நகர அபிவிருத்தி அதிகார சபை எங்கே வருகிறது என்றால், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டப்படி வர்த்தமானியில் நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் அந்த அதிகார சபையின் திட்டமிடல் ஒழுங்குவிதிகள் செல்லும். 1986 இல் வந்த ஒழுங்குவிதிகளின் இடத்தில் 2021 யூலையில் புதியவை வர்த்தமானியில் வந்தன. அந்தப் பகுதிகளிலும் சின்ன வேலைகளுக்கான அதிகாரம் பெரும்பாலும் சபைக்கே கையளிக்கப்பட்டிருக்கும், விண்ணப்பம் சபையில்தான் கொடுபடும். பிரகடனம் செய்யப்படாத இடம் என்றால் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நூறு வருடம் பழையது என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், எழுத்தில் அங்கீகரித்த படம் இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. ஆகவே 'எங்கட இடம் கிராமம், அனுமதி தேவையில்லை' என்ற கதையை நம்பாதீர்கள். உங்கள் காணி எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்பதைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பேர்மிட் காணியைத் துண்டாக்கி விற்கலாமா?

இல்லை. வன்னியில் குடியேற்றத் திட்டங்களால் வந்த காணிகளில் பெரும்பங்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாக (பேர்மிட்) அல்லது அளிப்பாகக் கொடுக்கப்பட்டவை. பேர்மிட் வைத்திருப்பவர் அந்தக் காணியின் சொந்தக்காரர் அல்ல. அளிப்புப் பத்திரம் கிடைத்தவருக்கும் கைமாற்றுவதற்குப் பிரதேச செயலகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும், எவ்வளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்ற எல்லையும் அந்தப் பத்திரத்திலேயே போட்டிருக்கும். அதைத் தாண்டி ஒரு சட்டத்தரணி உறுதி எழுதித் தந்தாலும் அது செல்லாது. பணம் கொடுத்து வாங்கிய ஏழைச் சனம்தான் பிறகு தெருவில் நிற்கும், விற்றவர் அல்ல. இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை: பேர்மிட் காணியை 'புளொக்' போட்டு விற்கிறவரிடமிருந்து ஒரு துண்டும் வாங்காதீர்கள்.

உறுதிக்காணிதான். ஆனால் அப்பாவின் பெயரில் இருந்து பிள்ளைகள் நாலு பேருக்கும் வந்தது. நான் மட்டும் என் பங்கைக் கொடுக்கலாமா?

பிரிபடாத பங்கை விற்பது சட்டத்தில் நடக்கலாம், ஆனால் அதை வைத்து வீட்டுத்தொகுதி செய்ய முடியாது, ஏனென்றால் எந்த மூலை உங்களுடையது என்று எந்தப் படத்திலும் இல்லை. முதலில் நால்வரும் சேர்ந்து பிரிவினை உறுதி எழுத வேண்டும், ஒத்துவராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்கு. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்றால் இன்னொன்றும் இருக்கிறது: கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்பவர் மரணசாசனம் இல்லாமல் இறந்தால் வாரிசாகக் கூடியவருக்கும் முன்கொள்வனவு உரிமை உண்டு, 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது. அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், தங்கச்சி நீதிமன்றத்துக்குப் போய் அந்த விற்பனையைத் தன் பக்கம் திருப்பலாம். மனைவியின் பெயரில் உள்ள காணி என்றால் கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் கேட்கப்படும். இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை, பெண்ணின் சொத்துக்கு ஆணின் கையெழுத்து எதற்கு? ஆனாலும் சட்டம் இருக்கிறவரை அந்தக் கையெழுத்து இல்லாமல் உறுதி நிற்காது.

கனடாவில் இருக்கும் தம்பியின் பெயரில் ஒரு துண்டை எழுதலாமா?

அவரிடம் இலங்கைக் குடியுரிமையோ இரட்டைக் குடியுரிமையோ இருந்தால் எழுதலாம். இரண்டும் இல்லாமல் கனடாப் பாஸ்போட் மட்டும் என்றால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. நெருங்கிய உறவுக்கு நன்கொடையாகவோ முதுசமாகவோ போவதற்கு விலக்கு உண்டு, அதைச் சட்டத்தரணியிடம் தெளிவாகக் கேளுங்கள். விண்ணப்பங்களில் கையெழுத்து வைக்க ஊரில் ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுத்து அதைப் பதிவு செய்யவும் வேண்டும். வட்சப்பில் வந்த சம்மதத்தைச் சபை ஏற்காது.

துண்டாக்கும் படத்தில் என்ன பார்க்கிறார்கள்? மூன்று ஏக்கரில் எத்தனை வீடு வரும்?

மூன்று ஏக்கர் 480 பேர்ச், அதை 20 ஆல் பிரித்தால் 24 துண்டு என்று சொல்கிறவர்கள்தான் பின்னால் சண்டைப்படுகிறார்கள். கணக்கை இப்படிப் பாருங்கள். மூன்று ஏக்கர் என்பது ஒரு ஹெக்டேயரைத் தாண்டுகிறது, ஒரு ஹெக்டேயர் கிட்டத்தட்ட 395 பேர்ச். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாக்கினால், பாதைகளைக் கழித்த மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கு, அதாவது விளையாட்டிடம் சனசமூக நிலையம் போன்றவற்றுக்கு, ஒதுக்க வேண்டும். உள்ளே 180 மீற்றர் நீளத்தில் 6 மீற்றர் பாதை போட்டால் அதற்கே ஏறத்தாழ 43 பேர்ச் போகிறது. மிச்சம் 437, அதில் 10 சதவீதம் 44. விற்கக்கூடியது 393 பேர்ச். இருபது துண்டு என்றால் ஒன்றுக்கு பத்தொன்பதரைப் பேர்ச். வடிகானுக்கும் பாதை முடிவில் வாகனம் திரும்பும் வட்டத்துக்கும் இன்னும் கொஞ்சம் போகும்.

ஒழுங்குவிதிப்படி வீட்டுத்துண்டு ஒன்று குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஆறு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு, இருந்தால் போதும். அது கொழும்புக் கணக்கு. குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள நகரத்துக்கு அது சரி. சொந்தக் கிணறும் சொந்தக் குழியும் வைக்கிற எங்கள் இடத்தில் ஆறு பேர்ச் துண்டு போடுவதை நான் எதிர்க்கிறேன், ஏன் என்று கிணற்றுக் கேள்வியில் சொல்கிறேன்.

அந்தப் பத்து சதவீதத்தை எங்கே விடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். படத்தில் பச்சை நிறம் அடித்து, தரையில் போய்ப் பார்த்தால் மழைக்குத் தண்ணீர் நிற்கிற பள்ளம், அல்லது யாருக்கும் விற்க முடியாத முக்கோணத் துண்டு. பிள்ளைகள் பந்தடிக்கக்கூடிய, ஒரு சின்ன முன்பள்ளி கட்டக்கூடிய மேட்டை விட வேண்டும். படத்தை அங்கீகரிக்கிற திட்டமிடல் குழு இதைக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும்.

உள்ளே போகும் ஒழுங்கை 10 அடி போதாதா?

நாலு வீடு வரை என்றால் சமாளிக்கலாம். துண்டுகள் கூடக் கூட ஒழுங்குவிதியும் கூடிய அகலம் கேட்கும். விதி எதைக் கேட்டாலும் பத்து வீட்டுக்கு மேல் என்றால் 6 மீற்றருக்குக் குறையாதீர்கள். தண்ணீர் பவுசரும் அம்புலன்சும் எதிரெதிரே வந்தால் விலக வேண்டும், மலக்குழி இறைக்கிற பவுசர் பின்னுக்கு எடுத்துத் திரும்ப வேண்டும், மின்கம்பமும் வடிகானும் இதே அகலத்துக்குள்தான் நிற்கப்போகின்றன.

வெளிப்பாதை யாருடையது என்றும் பாருங்கள். ஏ9, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34, பரந்தன் முல்லைத்தீவு ஏ35 போன்ற ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. மற்றவை பெரும்பாலும் சபையுடையவை. வெளி வாசலுக்கும் மதகுக்கும் அந்தந்தக் கந்தோரில் அனுமதி எடுக்க வேண்டும், கட்டட எல்லைக்கோடும், அதாவது வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதும், அவர்கள்தான் சொல்வார்கள். ஏ9 ஓரத்தில் மதிலைக் கட்டிவிட்டு வீதி அகலிக்கும்போது இடிபடுகிறதைப் பார்க்க மனம் பொறுக்காது.

காணிக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருக்கிறது, கோடையில் வறண்டுதான் கிடக்கும். அதற்குக் கிட்டக் கட்டலாமா?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், வன்னியில் வேறெந்தக் கேள்வியை விடவும் இது முக்கியம்.

எங்கள் குளங்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மேற்குளத்தின் வான் (குளம் நிரம்பினால் தண்ணீர் வழிகிற வாய்) பாய்ந்து வருகிற தண்ணீர் வயலூடாகக் கீழ்க்குளத்துக்குப் போகும், அதன் வான் அடுத்ததற்கு. ஒரு குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறி நிற்கிற அலைகரையில் வீடு கட்டினால் அந்தக் குளத்தின் கொள்ளளவைப் பறிக்கிறீர்கள். வான் வாய்க்காலை அடைத்து மதில் கட்டினால் மேலே உள்ளவரின் வளவுக்குள் தண்ணீரைத் திருப்பி விடுகிறீர்கள். ஆவணியில் நின்று பார்த்தால் புல்லும் நாயுண்ணியும் மட்டும் தெரிகிற இடத்தில் கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டுகிறது, மிச்சக் காலத்தில் நிலம் அந்தத் தண்ணீரின் வழியைக் காட்டாது.

2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பெரிய குளத்தின் கதை என்று ஒதுக்க வேண்டாம், சின்னக் குளத்துக்கும் வான் உண்டு.

ஆகவே செய்ய வேண்டியது இது. குளம் யாருடையது என்று கேளுங்கள்: சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கும், பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தில். குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் எங்கே வருகிறது, ஒதுக்கீட்டு எல்லை எங்கே, வான் எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேட்டு, நில அளவையாளரைக் கொண்டு அந்தக் கோட்டை உங்கள் படத்திலேயே கீறச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கமக்காரர் அமைப்பின் தலைவரையும், அந்தக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஒரு வயதான ஐயாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காணியைச் சுற்றி நடவுங்கள். எந்த வருடம் தண்ணீர் எது வரை வந்தது என்று அவர் ஒரு மருத மரத்தைக் காட்டிச் சொல்வார், அந்தத் தகவல் எந்தக் கந்தோர்க் கோப்பிலும் இருக்காது. படத்தில் கோடு ஒன்று சொல்லி அந்த ஐயா வேறொன்று சொன்னால், நான் ஐயாவின் பக்கம்.

வயலை நிரப்பி மேடாக்கினால்?

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ முடியாது. இரவோடிரவாக நாலு டிப்பர் கிரவல் கொட்டிவிட்டு 'இது மேட்டுக்காணி' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயல் இருக்கட்டும், வன்னியில் மேட்டுக்காணிக்கு என்ன பஞ்சம்?

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம்?

எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் வருவது 50 அடி. இலங்கைத் தரநிலை 745 உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் 18 மீற்றர் கேட்கிறது, அது கிட்டத்தட்ட 60 அடி. 60 ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லோரும் விடும் பிழை, தன் கிணற்றையும் தன் குழியையும் மட்டும் அளப்பது. பத்துப் பேர்ச் துண்டு ஒன்று 12 மீற்றர் அகலம், 21 மீற்றர் நீளம் என்று இருக்கட்டும். உங்கள் கிணறு முன்னாலும் குழி பின்னாலும் இருந்தால் தட்டுத்தடுமாறி 18 மீற்றர் வரும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் குழியை முன்னால் வெட்டினால் அது உங்கள் கிணற்றுக்கு எட்டுப் பத்து மீற்றரில் நிற்கும், அவர் தன் துண்டுக்குள் விதிப்படித்தான் செய்திருப்பார். அவரவர் விருப்பப்படி வீடு கட்டுகிற தொகுதியில் இது நிச்சயம் நடக்கும், ஏனென்றால் ஒருவர் வாஸ்து பார்ப்பார், ஒருவர் காரை முன்னால் விடுவார், ஒருவர் சமையலறையைப் பாதைப் பக்கம் வைப்பார்.

தீர்வு எளிது, செலவும் இல்லை. துண்டாக்கும் படத்திலேயே எல்லாத் துண்டுக்கும் கிணற்றின் இடத்தையும் குழியின் இடத்தையும் குறித்துவிடுங்கள். கிணறுகள் எல்லாம் பாதைப் பக்கம், குழிகள் எல்லாம் பின்பக்கம். பாதையை நிலத்தின் உயர்ந்த பக்கமாக எடுங்கள், அப்போது குழியிலிருந்து கசிகிறது கிணற்றை விட்டு விலகிப் போகும். அந்தக் குறிப்பை ஒவ்வொரு உறுதியிலும் நிபந்தனையாக எழுதுங்கள். முகப்பையும் கூரையையும் அவர்கள் எப்படியும் வைத்துக்கொள்ளட்டும், இந்த இரண்டில் மட்டும் விருப்பத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது. ஆறு பேர்ச் துண்டில் இதற்கு இடமே இல்லை, அதனால்தான் மேலே எதிர்த்தேன்.

வவுனியாவில் பல இடங்களில் கீழே கருங்கல், அதற்கு மேலே சிதைந்த பாறை, தண்ணீர் அந்த மெல்லிய அடுக்கில்தான் ஓடுகிறது. ஒருவர் ஊற்றுகிறதை மற்றவர் குடிக்க வேண்டி வரும். அதோடு கடினத்தன்மை, புளோரைட்டு, பல கிராமங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய். கிணற்றுத் தண்ணீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, அறிக்கையை வாங்குகிறவர்களுக்குக் காட்டுங்கள். குழாய்த் தண்ணீர் வரக்கூடிய இடம் என்றால் அந்த இணைப்பைப் பெறுவதைத் தொகுதிச் செலவில் சேருங்கள். கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் தாங்கியும் வையுங்கள், மழைநீர் சேகரிப்பு 2007 இல் நகர அபிவிருத்திச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

காடு, தொல்லியல், கண்ணிவெடி என்று பயமுறுத்துகிறார்களே?

அதில் பயப்பட வேண்டியதும் இருக்கிறது. 2009 க்குப் பிறகு மீளக் குடியேறிய இடங்களில், சனம் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் பற்றை வளர்ந்து, அது காடு என்று எல்லை போடப்பட்ட காணிகள் பல. கையில் உறுதி இருந்தாலும் வனவளத் திணைக்களத்தின் கல் உங்கள் வேலிக்குள் நிற்கலாம். ஆகவே வாங்குவதற்கு முன்பே வனவளத் திணைக்களத்திடமும், பழைய கட்டடச் சிதைவு, கற்தூண் ஏதும் கிட்ட இருந்தால் தொல்லியல் திணைக்களத்திடமும், எழுத்தில் தடையில்லைக் கடிதம் கேளுங்கள். கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் தரும்படி கேட்க உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை இருக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

போர்க்காலத்தில் முன்னரங்கு இருந்த பகுதிகளில் கண்ணிவெடி அகற்றி முடித்த சான்று இருக்கிறதா என்று மாவட்டச் செயலகத்தில் பார்க்க வேண்டும். மேலோட்டமாகத் துப்புரவு செய்த இடத்தில் குழியும் கிணறும் வெட்டப்போகிறீர்கள், ஆழம் வேறு. சந்தேகமான பொருள் தெரிந்தால் வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கிப் பொலிசுக்கு அறிவியுங்கள். மேசனின் உயிரை விட உங்கள் அவசரம் பெரிதில்லை.

சுற்றாடல் அறிக்கை வேண்டுமா?

இருபது வீட்டுக்கு வழமையாக இல்லை. வர்த்தமானி சொல்லும் எல்லை 1000 வீடுகளுக்கு மேல். ஆனால் ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை மாற்றினால் வேண்டும். ஒதுக்கக் காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அல்லது குளத்து ஒதுக்கீட்டுக்குள் வந்தால் சின்ன அளவாக இருந்தாலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மரம் வெட்ட?

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. முதிரை, பாலை போன்றவற்றை வெட்டி ஏற்ற வேறு அனுமதி. என் ஆசை, பாதையை மரத்தைச் சுற்றி வளைத்துக் கீறுங்கள், வன்னி வெயிலில் இருபது வருட வேம்பை விலைக்கு வாங்க முடியாது.

வீட்டுப் படத்தில் எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள்?

பின்புறத் திறந்த இடம் போதாமைக்கு, கட்டட எல்லைக்கோட்டைத் தாண்டியதற்கு, குழியின் இடம் காட்டாததற்கு. சாதாரண உயரமுள்ள வீட்டுக்குப் பின்னால் 2.3 மீற்றர் விட வேண்டும், உயரம் கூடினால் இதுவும் கூடும். மேல்மாடி போடுகிறவர்கள் 63½ பாகைக் கோணம் என்று ஒன்றைக் கேள்விப்படுவார்கள். பாதையின் மறு ஓரத்திலிருந்து அந்தக் கோணத்தில் ஒரு கோடு இழுத்தால் வீடு அதைத் தாண்டி உயரக்கூடாது, சுருக்கமாகச் சொன்னால் அந்தத் தூரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரம் வரை போகலாம். எதிர் வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் போக வேண்டும் என்பதற்காக வந்த விதி. நல்ல விதி.

முகப்பு எப்படி, என்ன நிறம், எத்தனை தூண் என்பதெல்லாம் குழுவின் வேலை இல்லை. அதில் யாராவது கருத்துச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அனுமதி வரும் வரை அத்திவாரம் வெட்டி வைக்கலாமா?

கூடாது. நல்ல நாள் பார்த்துக் கல் வைத்துவிட்டேன் என்று வருகிறவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. சடங்குக்கு ஒரு கல்லை வையுங்கள், கிடங்கு வெட்டாதீர்கள். அனுமதி இல்லாமல் எழுப்பியதை இடிக்கச் சொல்லும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது, வங்கிக் கடனும் அங்கீகரித்த படம் இல்லாமல் நகராது. அனுமதி கிடைத்த பிறகு அது பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான், முடிவதற்கு முன்பே நீடிப்புக் கேளுங்கள்.

திட்டமிடல் குழுவில் யார் இருப்பார்கள்? பக்கத்துக் காணிக்காரருக்குப் பேச்சு இருக்கிறதா?

சபையின் தலைவர் அல்லது செயலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், நகர அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலர், சுகாதாரப் பக்கத்திலிருந்து ஒருவர், தேவைக்கு ஏற்ப மற்றத் திணைக்களத்தார். அதற்கு முன் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் காணிக்கு வந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் முக்கியம். அன்றைக்கு நீங்களும் நில அளவையாளரும் அங்கே நில்லுங்கள், வேலிக்கல்லைக் காட்டுங்கள், வெள்ளம் எப்படி ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

அயலவருக்கு: கூட்டத்தில் நாற்காலி இல்லாவிட்டாலும் உங்கள் கடிதம் கோப்புக்குள் போக வேண்டும். 'எங்களுக்கு விருப்பமில்லை' என்று எழுதினால் பயனில்லை. 'இந்தப் பாதை என் வாசலில் உள்ள மதகை அடைக்கிறது, இந்தக் குழி என் கிணற்றுக்கு 30 அடியில் இருக்கிறது' என்று அளவோடு எழுதி, பதிவுத்தபாலில் அனுப்பிப் பிரதியை வையுங்கள். படத்தைப் பார்க்க விடாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அப்புறம், பிரிக்கிறவரும் எதிரி இல்லை. ஒரு தேத்தண்ணியோடு வேலியடியில் பேசி வடிகானின் வழியை மாற்றிக்கொண்ட அயலவர்கள் உண்டு, படம் முத்திரை குத்தப்படுவதற்கு முன்பே பேசினால் அது நடக்கும்.

துண்டு வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

சபை அங்கீகரித்த துண்டாக்கும் படத்தின் பிரதி. கட்டணப் பற்றுச்சீட்டையோ 'அனுமதி வருகிறது' என்ற பேச்சையோ அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அங்கீகரித்த இலக்கத்தைச் சபையில் போய்ச் சரிபாருங்கள், காணிப் பதிவகத்தில் உறுதியின் வரலாற்றைத் தேடுங்கள். பிறகு மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள், விற்கிறவர் மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினாலும்.

கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் அவசியமா?

அவசியம். கந்தோரில் சி.ஓ.சி. என்பார்கள். அது இல்லாமல் குடியிருப்பது சட்டப்படி சரியில்லை, பின்னால் விற்கும்போதும் கடன் எடுக்கும்போதும் கேட்பார்கள். படத்துக்கு மாறாகக் கட்டியிருந்தால் திருத்திய படம் கொடுக்க வேண்டி வரும்.

உள்பாதையும் விளக்கும் குப்பையும் யாருடைய பொறுப்பு?

பாதையைச் சபைக்கு முறையாக ஒப்படைத்து, சபை ஏற்றுக்கொண்டு பதிந்த பிறகுதான் சபையின் பொறுப்பு. அது வரை பிரித்து விற்றவருடையது, அவர் காசை எடுத்துக்கொண்டு போய்விட்டால் யாருடையதும் இல்லை. இருபது குடும்பம் சேற்றில் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற ஒழுங்கைகள் இப்படித்தான் உருவாகின்றன. ஆகவே கடைசித் துண்டு விற்பதற்கு முன் பாதையைக் கிரவல் போட்டு உருட்டி, இரண்டு பக்கமும் வடிகான் வெட்டி, ஒப்படைப்பு உறுதியை எழுதும்படி வாங்குகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள், அது முடியும் வரை விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்க ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சபை பாதையை ஏற்கும்போது அகலத்தை அளக்கும், யாராவது வேலியை முன்னுக்குத் தள்ளியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் முதல் வீட்டுக்காரர் வேலி போடுகிற அன்றைக்கே எல்லைக்கல்லை எல்லோருமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.